அண்ணா அளந்த ஒன்பது கிலோமீட்டர்

ஒக்கலிபுரம், பெங்களூர்
4 மே 1998

சொர்ணத்துக்கு,

நீ ஹாலந்து போய்ச் சேர்ந்ததை உன் மகன் பரத் போனில் சொன்னான். சரி.

மேல் வீட்டு விஷயம் எழுதுகிறேன். கோபப்படாமல் படி. பக்கத்துத் தெரு கிருஷ்ணப்பா தன் மகளுக்கும் மருமகனுக்கும் வீடு தேடிக்கொண்டிருக்கிறார். தசரா முடிந்ததும் நீ குடியிருந்த மேல் வீட்டை அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். நீ திரும்பி வந்ததும் கீழே எங்களோடு முன் அறையில் இருந்துகொள். கட்டில் வாங்கியாயிற்று. உன் அண்ணி காந்தா சமைத்துப் போடுவாள். பகலில் கூட இருக்க ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

தொடை எலும்பில் ஸ்டீல் ராடு வைத்த ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை இருபத்திரண்டு படி ஏறி இறங்கித் தனிக் குடித்தனம் நடத்த முடியாது. புறப்படுவதற்கு முந்தின நாள் இதைச் சொன்னபோது, "இதைச் சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டாய். உன் அண்ணன். மாப்பிள்ளை காலமான பிறகு உன்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அந்தக் கேள்விக்காகத்தான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோதண்டராமன்


அஸ்ஸன், ஹாலந்து
17 மே 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். அடித்து எழுத மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

என்னைக் கேட்காமல் என் வீட்டை எப்படிக் கொடுப்பீர்கள்? முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். அந்த மேல் வீட்டில் பரத்தை வளர்த்தேன். அவன் அப்பாவை அங்கிருந்துதான் அனுப்பி வைத்தேன். இப்போது முன் அறையில் ஒரு கட்டில், காவலுக்கு ஒரு பெண்! நான் என்ன சாமான் பெட்டியா?

படி என்கிறீர்களே, இந்த ஊர்ப் படியை நீங்கள் பார்க்க வேண்டும். ஹாலந்துக்காரர்கள் வீட்டுக்குள் ஏணியைச் சாத்தி வைத்து அதற்கு மாடிப்படி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதம் முழுசாகப் பதியாது. பதினைந்து படி. முதல் வாரம் கீழே ஹாலில் படுத்தேன். இரண்டாவது வாரம் மருமகள் இளவேனில் பின்னால் நிற்க, ஏறினேன். இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை, தனியாக.

கிருஷ்ணப்பாவிடம் இல்லை என்று சொல்லுங்கள்.

சொர்ணம்


ஒக்கலிபுரம்
30 மே 1998

சொர்ணத்துக்கு,

ஏணி ஏறியது சந்தோஷம். ஆனால் படி ஏறுவது ஒரு நிமிஷ வேலை. தனிக் குடித்தனம் ஒரு நிமிஷ வேலை இல்லை. காலையில் பால், அப்புறம் காய்கறி, பேங்கில் வரிசை, பஸ்ஸில் நின்றபடி பயணம், சாயங்காலம் மறுபடி அடுப்பு. நாள் முழுக்கக் கால் தாங்க வேண்டும். உன் கால் தாங்குமா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது, நீ கீழே கிடந்தாய், கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லை. உனக்கு நினைவு தப்பிவிட்டது. எனக்குத் தப்பவில்லை. பதினோரு மாசமாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு முழு நாள் உன் காலிலேயே நடந்து காட்டு. பிறகு கிருஷ்ணப்பாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன். கோதண்டராமன் எழுத்தில் கொடுத்துவிட்டு மாற மாட்டான்.

கோதண்டராமன்


அஸ்ஸன்
14 ஜூன் 1998

அண்ணாவுக்கு,

எழுத்தில் கொடுத்ததை பீரோவில் பூட்டி வைத்துவிட்டேன்.

வழி கிடைத்துவிட்டது. இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் ரைனன் என்று ஒரு கிராமம். அங்கிருந்து ட்விங்கலோ என்ற கிராமம் வரை நடைபாதை. நடுவில் பெரிய வெளி. நாம் ஹாலந்து என்றால் டூலிப் பூவும் காற்றாலையும் என்று நினைக்கிறோம், அதெல்லாம் இங்கே இல்லை. மணல் பூமி. முழங்காலுக்குக் கீழே வளரும் ஹெதர் என்ற செடி, கண்ணுக்கு எட்டின வரைக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஓரத்தில் நின்று பார்த்தேன். பழைய தேங்காய் நார்ப் பாயை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆகஸ்டில் பூக்குமாம்.

அது இயற்கையாக உண்டான காடு இல்லையாம். நூற்றுக்கணக்கான வருஷங்களாக இந்த ஊர்க்காரர்கள் ஆடு மேய்த்து மேய்த்து மரம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். செடியோடு மண்ணைப் பத்தை பத்தையாக வெட்டி ஆட்டுப் பட்டியில் போட்டு, சாணத்தோடு ஊறவைத்து, அந்த எருவில்தான் வயல் செய்தார்கள். அவர்களுக்கு முந்தின ஜனங்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த மேடுகளும் நடுவில் இருக்கின்றன. அந்த மேடுகளை விட்டால் வேறு மேடே கிடையாது. ஒரே சமம்.

பரத் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்த மேப் இதோடு இருக்கிறது. சிவப்புப் பேனாவில் வழியைக் குறித்திருக்கிறான். நீங்கள் அளந்து சொல்லுங்கள். இங்கே யார் சொல்வதும் எனக்குத் திருப்தியாக இல்லை.

சொர்ணம்


ஒக்கலிபுரம்
2 ஜூலை 1998

சொர்ணத்துக்கு,

மேப் வந்தது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கண் நன்றாக இருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். உயரக்கோடு ஒன்றுகூட இல்லை. நான் அங்கே பிறந்திருந்தால் சர்வே டிபார்ட்மென்டில் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

ஸ்கேல் ஒன்றுக்கு இருபத்தைந்தாயிரம் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. தையல் நூலை ஈரமாக்கி, உன் பையனின் சிவப்புக் கோட்டின் மேல் வளைவு வளைவாகப் பதித்து அளந்தேன். முப்பத்தாறு சென்டிமீட்டர். ஆக, ஒன்பது கிலோமீட்டர்.

சமதளத்தில் ஒன்பது கிலோமீட்டர் பெரிய சாதனை இல்லைதான். ஆனாலும் உன் காலுக்கு ஏற்றுக்கொள்கிறேன். நிபந்தனை: இந்தக் கிராமத்தில் தொடங்கி அந்தக் கிராமத்தில் முடிக்க வேண்டும். நடுவில் கார் கூடாது, சைக்கிளில் பின்னால் உட்காருவதும் கூடாது. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும்.

காந்தா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொன்னாள். பார்சலில் ஒழுகும் என்று சொல்லிவிட்டேன்.

கோதண்டராமன்


அஸ்ஸன்
24 ஜூலை 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. தேதி வைத்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க பரத்துக்கு லீவு. ரைனனிலேயே ஒரு சின்ன வீடு எடுத்து எல்லோரும் தங்கப் போகிறோம். அந்த வீட்டுக்காரி ஹென்னி என்று ஒரு பெண்மணி, வயது அறுபத்தெட்டு. அவளும் என்னோடு நடப்பாளாம்.

பயிற்சி நடக்கிறது. வாய்க்கால் கரையில் முதலில் இரண்டு கிலோமீட்டர், அப்புறம் நாலு. நேற்று ஆறு. ஆறு முடித்துவிட்டு வந்து சாம்பாரும் வைத்தேன். வைக்கும்போது காலைத் தூக்கி ஸ்டூலில் போட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பரத் சொல்கிறான், "அம்மா, அது பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும் போல இருக்கே." போனில் ஹென்னியும் பதினெட்டு என்றாளாம். எனக்கு வந்ததே கோபம்! "டேய், உங்க மாமா முப்பத்திநாலு வருஷம் கர்நாடகா பூராவும் சங்கிலி போட்டு அளந்தவரு. அவரு நூலு வெச்சு அளந்திருக்காரு. ஒம்பதுன்னா ஒம்பது. சும்னே பேசாதே" என்றேன். வாயை மூடிக்கொண்டான்.

உங்களோடு எனக்குச் சண்டைதான். அதற்காக உங்கள் அளவை எவனோ தப்பு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

சொர்ணம்


ஒக்கலிபுரம்
17 ஆகஸ்ட் 1998
அவசரம்

அம்மா சொர்ணம்,

போகாதே.

பரத் பதினெட்டு என்று சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனுக்குப் பாடம் எடுக்கலாம் என்று இன்று காலை மேப்பை மறுபடி எடுத்தேன். அடியில் கிலோமீட்டர் அளவுகோல் படமாகப் போட்டிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது. கவரில் அடங்கவேண்டும் என்று உன் பையன் ஜெராக்ஸைப் பாதியாகச் சுருக்கி எடுத்திருக்கிறான். அச்சிட்ட எண் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கிறது. "எண்ணை நம்பாதே, அளவுகோலைப் பார்" என்று வேலைக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே சொன்னவன் நான். என் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பதினெட்டு கிலோமீட்டர், சொர்ணம். பரத் சொன்னதுதான் சரி, அந்த அம்மாள் சொன்னதும் சரி.

பூத்திலிருந்து மூன்று தடவை போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஊரில் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, அந்த வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. இந்தக் கடிதம் 22க்குள் வராது என்று தபாலாபீஸில் சொல்கிறார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ என் பேச்சை நம்பி நடு வெளியில் போய் நிற்பாய். பந்தயமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். காலை ஒடித்துக்கொள்ளாமல் வா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணா


அஸ்ஸன்
29 ஆகஸ்ட் 1998

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் அவசரக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஐந்து நாள் தாமதம். தாமதமாக வந்ததற்குத் தபால்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலை எட்டேகாலுக்கு ரைனன் சர்ச் வாசலில் புறப்பட்டோம். நான், ஹென்னி. முதுகுப் பையில் சப்பாத்தி, தக்காளித் தொக்கு, தண்ணீர். வீடுகள் முடிந்ததும் ஆட்டுப் பட்டி. அதைத் தாண்டினதும் வெளி திறந்தது. அண்ணா, பூத்திருந்தது! வானம் தரையைத் தொடுகிற வரைக்கும் கத்திரிப்பூ நிறம். ஜூனில் நார்ப்பாய் என்று எழுதினேனே, அதற்கு அந்த இடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். நடுநடுவே குட்டைகள், டிகாஷன் நிறத்தில் தண்ணீர். கொஞ்ச நேரம் ஆட்டு மந்தை எங்களோடு வந்தது. நான் நடந்த வேகத்துக்கு அதுதான் சரியான துணை.

அந்த ஊரில் வழிகாட்டிக் கல்லைக் காளான் மாதிரி குட்டையாகச் செய்து தரையில் நட்டிருக்கிறார்கள். குனிந்து படிக்க வேண்டும். ராடு வைத்த காலோடு நான் ஒவ்வொரு காளானுக்கும் குனியவில்லை. மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் என்று என் நடை எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு ஒன்பது முடிந்துவிடும், ட்விங்கலோ வந்துவிடும் என்று குஷியாக நடந்தேன்.

பன்னிரண்டு அடித்தது. கிராமம் இல்லை. ஒரு தார் ரோடு குறுக்கே போனது. அங்கே காரை நிறுத்திக்கொண்டு பரத்தும் இளவேனிலும் நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு காளான். குனிந்து பார்த்தேன். ட்விங்கலோ 9 என்று போட்டிருந்தது.

அந்தக் கல்தான் தப்பு என்று முதலில் நினைத்தேன், சத்தியமாக. ஹென்னியிடம், "உங்க கல்லு தப்பு" என்று சொல்லக்கூடச் சொன்னேன். இளவேனில் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. அண்ணா தப்பாக அளந்துவிட்டார். பாதியாக அளந்துவிட்டார். உங்கள் மேல் வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. பெங்களூர் வரைக்கும் கேட்கிற மாதிரி அந்த வெளியில் நின்று உங்களைத் திட்டினேன். ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

பரத் என் கையைப் பிடித்தான். "வண்டில ஏறும்மா. மாமா ஒம்பதுன்னுதானே எழுதினாரு? ஒம்பது நடந்தாச்சு. நீ ஜெயிச்சாச்சு. கணக்கு முடிஞ்சுது."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. கதவு திறந்திருந்தது. சீட்டைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போனது. உட்கார்ந்திருந்தால் நீங்களும் ஒத்துக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வெறி வந்துவிட்டது. கிராமத்திலிருந்து கிராமம் என்று எழுதியிருந்தீர்கள். நடுக்காட்டில் காரில் ஏறிப் போய், ஜெயித்துவிட்டேன் சாவியைக் கொடுங்கள் என்று கேட்டால், அந்த வீட்டில் நான் எப்படிக் குடியிருப்பது? நீங்கள் பாதி அளந்தீர்கள் என்பதற்காக நானும் பாதி நடப்பதா? "கதவைச் சாத்துடா" என்றேன். சப்பாத்தியைச் சாப்பிட்டேன், அரை மணி நேரம் காலை நீட்டினேன், எழுந்தேன்.

சமதளம் பெரிய சாதனை இல்லை என்று எழுதினீர்கள். நடந்து பாருங்கள். மேடு ஏறினால் ஒரு பக்கம் வலிக்கும், இறங்கினால் இன்னொரு பக்கம் வலிக்கும், மாற்றி மாற்றி ஓய்வு கிடைக்கும். சமதளத்தில் ஒரே அடி, ஒரே இடம், ஆயிரம் தடவை அங்கேயே வலிக்கும். பதிமூன்றாவது கிலோமீட்டரில் ராடு இருக்கிற இடம் சூடாகிவிட்டது. ஹென்னி ஒரு கறுப்பு மிட்டாய் கொடுத்தாள். மிட்டாயில் உப்பு! துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அரை கிலோமீட்டர் வலியை மறந்தே போனேன். பிறகு பத்து நிமிஷம் மழை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது, நனைந்துகொண்டே நடந்தோம்.

நாலு மணிக்கு ட்விங்கலோ சர்ச் கோபுரம் தெரிந்தது. உச்சியில் வெங்காயத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆஹா வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வெங்காயம் ஒரு மணி நேரம் அப்படியே நின்றது, நகரவே இல்லை. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது இடத்தில் அழுதேன். ஹென்னி பக்கத்தில் உட்கார்ந்து தன் ஷூவை அவிழ்த்துக் கட்டினாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. எழுந்தபோது அவளே முதலில் கை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. தரையில் கையை ஊன்றி எழுந்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ட்விங்கலோ. சர்ச்சுக்கு முன்னால் பெரிய புல்வெளி, ஓரத்தில் நாற்காலி போட்டு ஜனங்கள் காபி குடிக்கிறார்கள். ஹென்னி அவர்களைப் பார்த்துச் சத்தமாக என்னமோ சொன்னாள். என் காலைக் காட்டினாள், வந்த திசையைக் காட்டினாள். முப்பது பேர் இருக்கும், எழுந்து நின்று கை தட்டினார்கள். முன்பின் தெரியாத ஜனங்கள்! நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். என் வாயில் வந்தது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. "ஆயித்து! ஆயித்து!" என்று நம் ஒக்கலிபுரத்துக் கன்னடம்தான் வந்தது. பரத் அழுதான். அவன் அப்பா போன அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் அவன் அழுது பார்க்கிறேன்.

ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷம் நான் உட்காரவில்லை. நின்றேன்.

அண்ணா, பதினெட்டு கிலோமீட்டர். இந்தக் காலில். என் மேல் வீட்டை என்ன செய்தீர்கள்?

உங்கள் தங்கை
சொர்ணம்


ஒக்கலிபுரம்
10 செப்டம்பர் 1998

என் தங்கை சொர்ணத்துக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. 22ஆம் தேதி இரவே பரத் போனில், "நல்லா இருக்காங்க, முடிச்சுட்டாங்க மாமா" என்று சொன்னதால்தான் இவ்வளவு நாள் நான் உயிரோடு இருந்தேன். ஆனால் அவன் நடந்ததைச் சொல்லவில்லை. நீ எழுதுவாய் என்று விட்டுவிட்டான்.

வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு காந்தாவுக்கு உரக்கப் படித்தேன். கார்க் கதவு வந்த இடத்தில் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். அவள் வாங்கி மிச்சத்தைப் படித்தாள். முடித்துவிட்டு, "அவ என்னைக்குங்க பாதியில எறங்கியிருக்கா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் கிருஷ்ணப்பா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கடிதத்தைப் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார், சொன்னேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "சார், ஆ அம்மன மனே நமகே பேடா" என்றார். உன் வீடு அவருக்கு வேண்டாமாம். மகளுக்கு ஸ்ரீராமபுரத்தில் பார்த்துக்கொள்வாராம். நீ வந்ததும் அவர் மனைவி உன்னைப் பார்க்க வருவாளாம். தெருவில் இரண்டு பேர் அதற்குள் என்னை நிறுத்தி, "உங்க தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டார்கள். ஆமாம் என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

மேல் வீடு உன்னுடையது. இனி அதைப் பற்றி நான் பேச மாட்டேன், யாரையும் பேச விடவும் மாட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் நீ நடந்ததை நான் ஏற்றுக்கொள்வது யோக்கியமாக இருக்காது. உன் பையன் சுருக்கி எடுத்ததால் தப்பு வந்தது என்று எழுதினேன். அது பாதி நிஜம். நாங்கள் எந்த அளவையும் இரண்டு தடவை எடுப்போம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒன்று, அங்கிருந்து திரும்பி வரும்போது ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். ஒரு குடியானவனின் கால் காணி நிலத்துக்குக்கூட அப்படித்தான். திரும்ப அளந்திருந்தால், அளவுகோலில் நூலை வைத்துப் பார்த்திருப்பேன், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நான் ஒரு தடவைதான் அளந்தேன். உன் கால் தாங்காது என்று உனக்கு எழுதிக்கொண்டே, இருபது வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் அந்த நூலைப் பதித்தேன். ஒன்பது என்று வந்தது. ஒன்பது என்றால் சொர்ணம் நடந்துவிடுவாள் என்று தோன்றியது. அந்த சந்தோஷத்தில் நூலைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். திரும்ப அளந்தால் கூடிவிடுமோ என்று பயமாக இருந்தது, அம்மா.

முப்பத்திநாலு வருஷ சர்வீஸில் திரும்ப அளக்காமல் எழுந்தது அந்த ஒரு நாள்தான். காந்தாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அண்ணா